ஒளியை நீட்டிச் சுருக்கிய அம்மையார்



பெண்களுக்கு விஞ்ஞானம் ஏறாது என்று சொல்லுகிறவர்கள் இக்கூட்டத்திலும் இருக்கக்கூடும். அவர்களுக்காகவே கானடா தேசத்து டோனா ஸ்டிரிக்லண்ட் அம்மையார் சங்கதியை எடுத்துக் கொள்ளுகிறேன்.

லேசர் ஒளி 1960-ல் உண்டாயிற்று. அதன் வலிமை மிஞ்சினால், அது போகும் கண்ணாடியின் குணத்தையே மாற்றித் தன்னைத்தானே குவித்துக் கொண்டு, கண்ணாடியையே உடைத்துவிடும். ஆகவே வலிமை ஓரளவுக்குமேல் ஏறவில்லை. சாந்தி ஹோமம் செய்தால் தீருமா?

1985-ல் அமெரிக்காவில் ராச்செஸ்டர் சர்வகலாசாலை மாணவியாயிருந்த இவ்வம்மையாரும், ஆசிரியர் மூரூவும் என்ன செய்தார்கள்? கண்சிமிட்டும் நேரத்தில் கோடியிலொரு பங்குகூட நீடிக்காத ஒளித் துடிப்பை 1.4 கிலோமீட்டர் கண்ணாடி இழையில் விட்டு நீட்டினார்கள். நீண்டதும் உக்கிரம் தணிந்தது. தணிந்ததைப் பெருக்கினார்கள், பெருக்கியதை மறுபடி சுருக்கினார்கள். கண்ணாடியும் பிழைத்தது, ஒளியும் பன்மடங்கு வலுத்தது. இன்று கண் ஆபரேஷனில் கத்தியில்லாமல் வெட்டுவது இவ்வகை ஒளியே.

இதற்கு 2018-ல் நோபல் பரிசு. பௌதிகத்தில் அதைப் பெற்ற மூன்றாவது பெண் இவர். 1903-ல் கியூரி, 1963-ல் மரியா மேயர். இந்த மேயரம்மை, ஓர் அணு இரண்டு ஒளித்துகளை ஒரே சமயத்தில் விழுங்கக்கூடுமென்று 1931-லேயே கணக்கிட்டவர். அது மெய்யென்று லேசர்தான் 1961-ல் காட்டிற்று. அப்பேர்ப்பட்டவர், புருஷன் புரொபசர் என்ற காரணத்தால், பல வருஷம் சம்பளமில்லாமலும் அரைகுறைச் சம்பளத்திலும் உழைத்தார்! மூளையில் குறைவா, உத்தியோகம் கொடுத்தவர்களிடம் குறைவா?

ஸ்டிரிக்லண்ட் அம்மையாரும் பரிசு பெற்ற அன்று முழுப் பேராசிரியரல்ல. விண்ணப்பமே போடவில்லையென்று அவரே சொன்னார்.