பிரயாணமும் மருந்துக்கடையும்

(ஒரு கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



நாம் வைத்தியம் படித்தவரல்ல. மருந்துக்கடை வைத்திருப்பவரும் அல்ல. ஆயினும் இன்று பிரயாணத்தையும் மருந்துக்கடையையும் பற்றியே பேச விரும்புகின்றோம். ஏனெனில் இந்தக் கூட்டத்திலேயே பிள்ளையை லண்டனுக்கு அனுப்பிவிட்டு, அவன் குழந்தைகுட்டிகளோடு எப்போது வருவான் என்று காத்திருக்கும் தாய் தகப்பன்மார் பலர் இருக்கின்றீர்கள்.

நம்மவர் வெளியூர் கிளம்பும்போது எதைப் பார்க்கின்றோம்? சூலம் பார்க்கின்றோம், ராகுகாலம் பார்க்கின்றோம். பூனை குறுக்கே போய்விட்டால் திண்ணையில் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்படுகின்றோம். அந்தத் தண்ணீர் காய்ச்சினதா என்பதை மாத்திரம் பார்ப்பதில்லை!

இங்கிலாந்தில் என்ன செய்கின்றார்கள்? தெருமுனையில் இருக்கும் மருந்துக்கடைகள் பலவற்றில், பிரயாணம் போகிறவரைத் தனி அறையில் உட்காரவைத்து விசாரிக்கின்றார்கள். எந்த ஊர், எத்தனை நாள், பட்டணமா கிராமமா, கூடக் குழந்தை உண்டா, கர்ப்பிணியா, வேறு வியாதி உண்டா, முன்பு என்ன ஊசி போட்டிருக்கிறது என்று கேட்டு, அதற்குத் தக்கபடி ஊசியோ, மாத்திரையோ, வெறும் புத்திமதியோ கொடுக்கின்றார்கள். கடைக்காரர் தம் இஷ்டப்படி இதைச் செய்வதில்லை. இன்னாருக்கு இன்ன மருந்து கொடுக்கலாம், இன்னாருக்குக் கூடாது என்று வைத்தியரும் மருந்தாளரும் கையெழுத்திட்ட எழுத்து மூலமான உத்தரவுப்படி கொடுக்க அங்கே 2000-ம் ஆண்டு முதல் சட்டம் இருக்கின்றது. மலேரியாத் தடுப்பு மாத்திரை ஒன்றை 2017 முதல் வைத்தியர் சீட்டில்லாமலே, மருந்தாளர் விசாரித்துக் கொடுக்கலாம்.

இவ்வளவு சௌகரியம் இருந்தும் நோயில் விழுகிறவர் யார்? தோழர்களே, இதுதான் நாம் சொல்ல வந்த விஷயம். அங்கே டைபாய்டு ஜுரம் காண்கிறவர்களில் பெரும்பாலோர் இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம் சென்று திரும்பியவர்கள். அவர்களிலும் பெரும்பாலோர் சொந்தக்காரரைப் பார்க்கப் போனவர்கள். 2023-ல் அந்நாட்டில் சுமார் இரண்டாயிரம் பேருக்கு மலேரியா கண்டது. அவர்களிலும் அநேகர் ஆப்பிரிக்காவிலுள்ள தங்கள் சொந்த ஊர்களுக்குப் போய் வந்தவர்களே. வேடிக்கை பார்க்கப் போகிறவன் பயந்து ஊசி போட்டுக்கொள்கிறான். உறவினரைப் பார்க்கப் போகிறவனோ, "நம்ம ஊர்தானே, நமக்கென்ன?" என்று போகிறான்.

நாமும் இங்கிருந்துகொண்டு என்ன சொல்லுகின்றோம்? "பிறந்த ஊர்த் தண்ணீர் உனக்குச் சேராதா? சீமைக்குப் போனதும் துரையாகிவிட்டாயோ?" என்று பரிகாசம் செய்கின்றோம். மகன் வெட்கப்பட்டுக் குடித்துவிடுகிறான், பேரனுக்கும் கொடுத்துவிடுகிறான். அந்தக் குழந்தை பிறந்ததே லண்டனில்! பூர்வீகம் எது என்று கிருமி விசாரிக்குமா? மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் ரொனால்டு ராஸ் கண்டது 1897-ல், நம் செகந்திராபாத்தில். கொசு ஜாதி, குலம், ஊர் கேட்டுக் கடிப்பதாக அவரும் சொல்லவில்லை. மலேரியா உள்ள ஊரிலே வளர்ந்தவனுக்கு ஓரளவு உண்டாகும் எதிர்ப்புச் சக்திகூட, வேறு நாட்டில் குடியேறினால் குறைந்துபோகும்.

ஆனால் மருந்துக்கடைக்காரர் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்றும் நாம் சொல்லவில்லை. அவரும் வியாபாரியே. டைபாய்டு ஊசியை அங்கே சர்க்கார் ஏற்பாட்டில் தங்கள் வைத்தியரிடமே இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். வெறிநாய்க்கடித் தடுப்பூசி, மஞ்சள் ஜுர ஊசி போன்றவைகளுக்கு வழக்கமாகப் பணம். தமிழ்நாட்டுக்கு வருகிறவருக்குப் பெரும்பாலும் மலேரியா மாத்திரையே வேண்டியதில்லை. கொசுக்கடியைத் தடுத்துக்கொண்டால் போதும். இவைகளைத் தாமே எடுத்துச் சொல்லுகிறவரே யோக்கியமான மருந்தாளர். 60 வயது கடந்தவருக்கு மஞ்சள் ஜுர ஊசி போடுமுன் அதிக ஜாக்கிரதை வேண்டும். சந்தேகமானால் வைத்தியரிடம் அனுப்புவதும் அவர் கடமையே.

நம் நாட்டில் இவ்வித ஏற்பாடு வழக்கத்தில் இல்லை. ஆப்பிரிக்கா போகிறவர் மஞ்சள் ஜுர ஊசிக்குக் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் போன்ற குறிப்பிட்ட இடங்களுக்கே போகவேண்டும். ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகே அத்தாட்சி செல்லும். 2016 முதல் அது ஆயுள் முழுவதுக்கும் செல்லும். நம் மருந்துக்கடையிலோ, "ஜுரம், மூன்று வேளைக்குக் கொடு" என்கிறோம். அவரும் சீட்டுக் கேளாமல் கொடுத்துவிடுகிறார். அங்கே கடைக்காரருக்குப் படிப்பும், விசாரிக்கும் கடமையும், மீறக்கூடாத எல்லையும் வைத்தார்கள். இங்கும் அம்மூன்றும் சேர்ந்து வரவேண்டும். ஊசி மாத்திரம் கடைக்கு வந்தால் அது வெறும் வியாபாரமே.

அதுவரையில் நம் கையிலிருப்பதைச் செய்வோம். பிள்ளை வருகிற தேதியைச் சொன்னதும், என்ன பலகாரம் வேண்டும் என்று கேட்குமுன், "உங்கள் தெரு மருந்துக்கடையில் விசாரித்தாயா? குழந்தைக்கு ஊசி போட்டாயிற்றா?" என்று கேளுங்கள். ஆறு எட்டு வாரம் முந்திக் கேட்டால் நல்லது. பிந்திவிட்டாலும் கேட்காமல் இராதீர்கள். வந்த பிறகு தண்ணீரைக் காய்ச்சிக் கொடுங்கள். நாய் கடித்தால் மந்திரிக்க ஓடாமல், சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். முன்பே ஊசி போட்டிருந்தாலும் கொண்டுபோகத்தான் வேண்டும்.

பேரனிடம் உங்களுக்குள்ள அன்பைக் காட்ட இதைவிட வேறு வழி நமக்குத் தெரியவில்லை.