'கூ...' என்று கத்தும் கிடாரும் கீழ்வீட்டுக் குழந்தையும்

(நமது சங்கத்தின் குடும்ப விழாவில் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் ஒரு ராத்திரி, "மாடியில் என்ன சத்தம்?" என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டீர்களே, அது நான்தான். கீழ்வீட்டுக் கைக்குழந்தை அப்போதுதான் தூங்கியதாம். முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் தேனி மாவட்டம் மார்க்கையன்கோட்டை. பக்கத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜாவே இசையமைப்பாளர் ஆவதற்கு முன் ஒலிப்பதிவுகளில் கிடார் வாசித்தவர். எங்கள் பக்கத்துப் பையன்களுக்குக் கிடார் ஆசை வர அது போதாதா?

ஊர்த் திருவிழாவில் யாராவது மைக்கோடு குழாய் ஸ்பீக்கருக்கு முன்னால் போனால் 'கூ...' என்று காது கிழியும். மைக் செட்காரர் ஓடிவந்து சத்தத்தைக் குறைப்பார். மைக்கில் போன ஒலி ஸ்பீக்கரில் பெரிதாகி வந்து, திரும்ப மைக்குக்குள் போகிறது. இப்படிச் சுற்றிச் சுற்றிப் பெருகுவதுதான் 'ஃபீட்பேக்'.

எலெக்ட்ரிக் கிடாரிலும் அதே கதைதான். ஸ்பீக்கரின் ஒலி கம்பியை அதிரவைக்கும். அந்த அதிர்வைக் கிடாரின் பிக்கப் மறுபடி ஸ்பீக்கருக்கு அனுப்பும். மீட்டிய சுரம் அடங்காமல் நின்று பாடும். 1964-இல் பீட்டில்ஸ் குழுவினர் 'ஐ ஃபீல் ஃபைன்' பாடலின் தொடக்கத்திலேயே இதை வைத்தார்கள். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் இதைத் தன் வாசிப்பின் பாகமாகவே ஆக்கிக்கொண்டார்.

பழகும் பிள்ளைகளுக்கு முறை சொல்கிறேன். ஆம்ப்பில் டிஸ்டார்ஷனைக் கூட்டி, ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். நாலைந்து அடி தள்ளி, கிடாரை ஸ்பீக்கர் பக்கம் திருப்பி நில்லுங்கள். ஒரே கம்பியில் ஒரு சுரத்தை மீட்டி அழுத்திப் பிடியுங்கள். மற்ற கம்பிகளை உள்ளங்கையால் அடக்குங்கள். அடங்கப்போகும் சுரம் மெல்ல வீங்கி எழும். ஓரடி முன்னே பின்னே நகர்ந்தால் அதே சுரம் மேல் ஸ்தாயிக்குத் தாவும். நிறுத்த வேண்டுமா? கிடாரின் வால்யூமை மூடிவிட்டுத் திரும்பி நில்லுங்கள். எல்லாக் கம்பியையும் அடக்கிய பிறகும் கீச்சிட்டால் பிக்கப்பின் சுருள் தளர்ந்திருக்கலாம். பழுது பார்ப்பவர் மெழுகு ஊற்றி இறுக்கிக் கொடுப்பார். காதில் அடைப்பான் வைக்க மறக்காதீர்கள்.

இதற்குச் சத்தம் வேண்டும் என்பதுதான் சிக்கல். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல்தான் அளவு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45. ஆம்ப்பை ஏற்றினால் இரண்டும் தாண்டிவிடும்.

அதனால் வீட்டில் இனி 'ஈ-போ' என்ற கைக்கருவிதான். கம்பியின் அதிர்வை ஒரு சுருள் உணர, இன்னொரு சுருள் காந்த விசையால் அதே கம்பியை ஆட்டிக்கொண்டே இருக்கும். ஸ்பீக்கரே தேவையில்லை, ஹெட்போனில் கேட்டுக்கொள்ளலாம்.

ஆம்ப் வைத்துப் பழக, ஞாயிறு மாலை 4 முதல் 5 வரை சமுதாயக் கூடத்தைத் தரும்படி சங்கத்தைக் கேட்டுக்கொள்கிறேன். ஆசைப்படும் பிள்ளைகளையும் அனுப்புங்கள், சொல்லித்தருகிறேன். குழந்தை தூங்கும் நேரத்தைக் கீழ்வீட்டுத் தங்கச்சி சொல்லட்டும். அதற்கேற்ப மணியை மாற்றிக்கொள்ளலாம். 'கூ' என்ற சத்தத்தை எப்போது நிறுத்துவது என்று தெரிந்தவன்தான் அதை வாசிக்கத் தெரிந்தவன். அன்றைக்கு ராத்திரி எனக்கு அது தெரியவில்லை.