அக்கரையிலிருந்து வந்த குரல்



திருச்செந்தூரிலிருந்து கிழக்கே நேராகக் கடலைக் கடந்தால் இலங்கை. கொஞ்சம் தெற்கே சாய்ந்து போனால் புத்தளம். இடையில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் உப்புநீர்தான், மலை இல்லை, கட்டடம் இல்லை. அந்தப் புத்தளத்தில் 400 கிலோவாட் சக்தியுள்ள ஓர் ஒலிபரப்பி இருக்கிறது. டிரான்சிஸ்டர் பெட்டியில் மத்திய அலையைத் திறந்து, முள்ளை மெல்ல உருட்டி 882-க்குக் கொண்டுவந்தால், திருச்செந்தூர் அருகே மணப்பாட்டு வீட்டுத் திண்ணையில் அந்தக் குரல் அடுத்த தெருவிலிருந்து பேசுவதுபோலக் கேட்கும். மத்திய அலை தரையை ஒட்டிப் பரவும் அலை. வறண்ட மண் அதை விழுங்கிவிடும், உப்புநீரோ தடுக்காமல் அனுப்பிவைக்கும். கடலோடிகளுக்குக் கிடைத்த தனிச்சலுகை என்றே இதைச் சொல்லலாம்.

டிரான்ஸ் வேர்ல்ட் ரேடியோ என்ற கிறிஸ்தவ அமைப்பு 1970களின் பிற்பகுதியிலிருந்து புத்தளம் வழியாகத் தென்னிந்தியாவை நோக்கி ஒலிபரப்பியது. அதன் இந்தியக் கிளைக்கு விஸ்வவாணி என்று பெயர். எமில் ஜெபசிங் அதன் தலைவராக இருந்தவர், தமிழில் பல கிறிஸ்தவப் பாடல்களை இயற்றியவர். நிகழ்ச்சி பதிவாவது இந்தியாவில். பதிவான ஒலிநாடா கடலைக் கடந்து இலங்கைக்குப் போகும். அங்கிருந்து அதே கடலைக் கடந்து குரலாகத் திரும்பி வரும். கூப்பிடு தொலைவில் இருப்பவருக்கு ஒரு சேதி சொல்ல ஏன் இவ்வளவு பெரிய சுற்று?

காரணம் சட்டத்தில் இருக்கிறது. இந்தியாவில் நெடுங்காலம் வானொலி என்றால் அரசு வானொலி மட்டுமே. அலைவரிசை பொதுச்சொத்து, அரசின் தனியுரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1995 பிப்ரவரியில்தான். அதன் பிறகு தனியார் பண்பலை நிலையங்கள் வந்தன. ஆனால் அந்த உரிமக் கொள்கையில் சமய அமைப்புகளுக்கு இடமில்லை. கோயிலோ, பள்ளிவாசலோ, மறைமாவட்டமோ பண்பலை நிலையம் நடத்த முடியாது. ஆகவே தூத்துக்குடிக் கரையில் உள்ளூர்க் கிறிஸ்தவ வானொலி என்று ஒன்று கோபுரம் கட்டி எழவே இல்லை. அகில இந்திய வானொலியின் திருநெல்வேலி நிலையம் 1963 டிசம்பரில் தொடங்கியது. காலைப் பக்திப் பாடல்களில் முருகனும் நபிகளும் மாதாவும் அடுத்தடுத்து வருவார்கள். அதில் ஒரு கிறிஸ்தவப் பாட்டு ஒலித்தால் அந்தச் சில நிமிடங்கள் இந்த ஊர்களின் நேரம். அதற்கு மேல் வேண்டுமென்றால் கடலுக்கு அப்பால்தான் காது கொடுக்க வேண்டும்.

கடலுக்கு அப்பால் பல குரல்கள் இருந்தன. செஷல்ஸ் தீவில் ஃபீபா வானொலி இருந்தது. தீவில் நிலம் போதாததால், கரையோரப் பவளப்பாறைத் திட்டின் மேல், கடல்நீருக்குள்ளேயே அதன் ஆண்டெனாக் கம்பங்களை நட்டிருந்தார்கள். 1970இல் தொடங்கிய அந்த ஒலிபரப்பு 2003இல் நின்றது. ரோமாபுரியில் வத்திக்கான் வானொலி. மார்க்கோனியே முன்நின்று அமைத்துக் கொடுக்க, 1931 பிப்ரவரி 12 அன்று திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் லத்தீனில் பேசித் தொடங்கிவைத்த நிலையம் அது. பிறகு தமிழும் அதன் மொழிகளில் ஒன்றானது. இவற்றோடு மணிலாவின் வேரித்தாஸ் வானொலி.

இந்தப் பகுதியை அறிந்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். கடற்கரை ஊர்கள் கத்தோலிக்க ஊர்கள். அங்கே குருவானவர் சாமியார், வழிபாடு பூசை. உள்ளே போனால், செம்மண் தேரியும் பனங்காடும் சூழ்ந்த மெஞ்ஞானபுரம், நாசரேத், சாயர்புரம் எல்லாம் சீர்திருத்த சபையின் ஊர்கள். அங்கே அவர் ஐயர், வழிபாடு ஆராதனை. வானொலிப் பெட்டியும் ஓரளவு அப்படித்தான் பிரிந்தது. தேரிக்காட்டு வீடுகளில் புத்தளமும் செஷல்ஸும், கரையோர வீடுகளில் மணிலாவும் ரோமாவும். ஆனால் அலைக்கு வேலி கிடையாது. முள் சற்று நகர்ந்தால் ஐயர் வீட்டில் பூசையும் சாமியார் வீட்டில் ஆராதனையும் கேட்கும். பல தலைமுறைகளாகத் தனித்தனிக் கோயில்களில் அமர்ந்தவர்கள் ஒருவர் பாட்டை ஒருவர் கேட்டுப் பழக இந்தப் பெட்டியும் ஒரு வாசலாக இருந்தது.

மணிலாவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1958இல் தென்கிழக்கு ஆசிய ஆயர்கள் மணிலாவில் கூடி, ஆசியாவுக்கென்று ஒரு வானொலி வேண்டும் என்று தீர்மானித்தார்கள். 1969 ஏப்ரல் 11 அன்று வேரித்தாஸ் வானொலி பிறந்தது. வேரித்தாஸ் என்றால் லத்தீனில் உண்மை. 1986 பிப்ரவரியில், அதிபர் மார்க்கோஸுக்கு எதிராக மக்கள் தெருவில் இறங்க வேண்டும் என்று கர்தினால் சின் அழைத்தது இந்த வானொலி வழியாகத்தான். அந்த ஆண்டின் மகசேசே விருதும் அதற்குக் கிடைத்தது. வேரித்தாஸ் ஆசியா என்ற பெயரில் அது பல ஆசிய மொழிகளில் பேசியது, அவற்றில் தமிழும் ஒன்று.

மணிலாவுக்கும் திருச்செந்தூருக்கும் இடையே ஏறத்தாழ 4,700 கிலோமீட்டர். சிற்றலை அவ்வளவு தூரம் தரையோடு ஊர்ந்து வராது. மேலே எழும்பி, வானத்தின் மின்மப் படலத்தில் மோதிக் கீழே விழுந்து, மறுபடி எழும்பி, இப்படிக் குதித்துக் குதித்து வந்து சேரும். அதனால்தான் குரல் ஒரு நேரம் பெருகும், ஒரு நேரம் தேயும். மழைக்காலத்து இடி அதில் கரகரக்கும். போதாததற்கு மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் உலகச் சிற்றலை நிலையங்கள் எல்லாம் அலைவரிசையை மாற்றும். 25 மீட்டரில் கேட்டவர் 31 மீட்டரில் தேட வேண்டும். அறிவிப்பாளர் புதிய எண்ணைச் சொல்லும்போது குறித்துக்கொள்ளாவிட்டால் நிலையமே தொலைந்துபோகும். கேட்பதற்கு இவ்வளவு உழைத்தவர்கள் அதைத் தம்முடையதாகவே நினைத்ததில் வியப்பில்லை.

கேட்டவர்கள் கடிதம் எழுதினார்கள். வானொலியை நடத்துவதில் பாதி வேலை ஒலிவாங்கிக்கு முன்னால் நடந்தது என்றால், மறுபாதி தபால் பையில் நடந்தது. சிற்றலை நிலையத்தாருக்குத் தங்கள் குரல் எங்கே விழுகிறது என்று வேறு எப்படியும் தெரியாது. இன்ன தேதி, இன்ன நேரம், தெளிவு இவ்வளவு என்று நேயர் எழுதினால், நிலையம் ஒரு வண்ண அட்டை அனுப்பி உறுதிசெய்யும். அந்த அட்டைகளைச் சேர்ப்பதற்கென்றே பள்ளிப் பிள்ளைகள் இருந்தார்கள். தமிழ்நாட்டின் ஊர்களில் நேயர் மன்றங்கள் எழுந்தன. வாரத்துக்கு ஒருமுறை நேயர் கடிதத்தை அறிவிப்பாளர் வாசிக்கும்போது, மணிலாவில் தன் ஊர்ப்பெயர் ஒலிப்பதைக் கேட்கப் பெட்டியைச் சுற்றி ஒரு கூட்டம் உட்காரும். எங்கோ இருந்த நிலையம் உள்ளூர் நிலையமானது அப்படித்தான்.

அந்தத் தபால் பையின் கனம் ஒருமுறை தாங்க முடியாததாயிற்று. இலங்கைப் போர் நடந்த 1995 அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து வலிகாமம் மக்கள் ஒரே இரவில் ஊரைவிட்டு நடந்தார்கள். குடும்பங்கள் சிதறின, உறவுகளைத் தேடும் கடிதங்கள் வேரித்தாஸுக்கு வந்து குவிந்தன. அக்காலத்தில் வேரித்தாஸ் தமிழ்ப்பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் குமரி மாவட்டத்தைச் சேர்ந்த அருட்பணியாளர் ஜெகத் கஸ்பர். தொலைபேசியும் மின்சாரமும் இல்லாத வன்னியில் மிதிவண்டி டைனமோவைச் சுற்றிக்கூட வானொலி கேட்டார்கள். கரையின் இந்தப்புறம் இருந்தவர்களுக்கும் இது அயலார் செய்தி அல்ல. மன்னாரும் தூத்துக்குடியும் ஒரே முத்துக்குளித்துறையின் இரு கரைகள். உறவும் தொழிலும் மாதா பக்தியும் இரண்டுக்கும் பொது. போர் படகுகளை நிறுத்திவிட்ட ஆண்டுகளில், அந்த இரு கரைகளையும் மணிலா வழியாக வந்த ஒரு குரல் சேர்த்துவைத்திருந்தது. சமய வானொலி ஒன்று செய்யக்கூடிய வேலைகளில் இதைவிடப் பெரியது இருப்பதாகத் தெரியவில்லை.

குரலால் சமயம் சொல்வது இந்தக் கரைக்குப் புதிதல்ல என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியார் தமிழ் அறியாதவர். உள்ளூர்க்காரர்களைக் கொண்டு செபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். கையில் மணியோடு தெருத்தெருவாக நடந்து மக்களைக் கூட்டினார். காலையும் மாலையும் ஒரே செபத்தைச் சொல்லச் சொல்ல, ஒரு மாதத்தில் பிள்ளைகள் ஒப்பித்தார்கள் என்று அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். மணியோசை, குறித்த நேரம், திரும்பத் திரும்ப ஒரே வாசகம். நிலையக் குறியிசையும் நிகழ்ச்சி நிரலும் கொண்ட வானொலிக்கு அது வெகுதூரத்தில் இல்லை.

2018 ஜூன் 30 அன்று வேரித்தாஸ் ஆசியா தன் சிற்றலை ஒலிபரப்பை நிறுத்தி இணையத்துக்கு மாறியது. செலவைப் பார்த்தால் அந்த முடிவு புரியாமல் இல்லை. 250 கிலோவாட் ஒலிபரப்பிகள் மின்சாரத்தைக் குடிப்பவை. கைபேசியில் குரல் இரைச்சலின்றி வருகிறது. ஆனாலும் இழப்பு இழப்புதான். டிரான்சிஸ்டருக்கு இரண்டு பேட்டரி போதும், மாதாமாதம் ரீசார்ஜ் கேட்காது. யார் கேட்கிறார் என்று எந்த நிறுவனமும் குறித்துவைக்காது. முக்கியமாக, கைபேசிக் கோபுரம் கைவிடும் ஆழ்கடலிலும் அது பேசும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது, பல நாள் தங்கலுக்குப் போயிருந்த படகுகளுக்கு எச்சரிக்கை எட்டாமல் எத்தனை உயிர் போயிற்று என்பதைக் குமரிக் கரையும் தூத்துக்குடிக் கரையும் மறக்கவில்லை.

சரி, உள்ளூரில் என்ன செய்ய முடியும்? 2006 இறுதியில் சமூக வானொலிக் கொள்கை விரிவாக்கப்பட்டு, தொண்டு நிறுவனங்களும் நிலையம் நடத்த வழி பிறந்தது. கேரளத்தின் வயநாட்டில் மானந்தவாடி மறைமாவட்டத்தின் சமூகப்பணிச் சங்கம் 2009இல் ரேடியோ மாற்றொலியைத் தொடங்கியது. நடத்துவது திருச்சபைச் சங்கம், பேசுவதோ மிளகும் நெல்லும் பழங்குடி மக்களின் மொழியும். பாம்பனில் 2016 ஆகஸ்ட் 15 முதல் கடல் ஓசை 90.4 ஒலிக்கிறது. ஆம்ஸ்ட்ராங் பெர்னாண்டோ நிறுவிய அந்த நிலையம் மீனவர்களுக்காக மீனவர்களே பேசும் நிலையம். காற்று, அலை, மீன் விலை, பாதுகாப்பு, பழைய அம்பாப் பாட்டு எல்லாம் அதில் உண்டு. பிரசங்கம் இல்லை. ஆனால் பசித்தவருக்கும் கடலில் தத்தளிப்பவருக்கும் துணை நிற்பது இந்தக் கரையின் சாமியார்கள் ஞாயிறுதோறும் சொல்வதுதானே.

திருச்செந்தூர்க் கரையில் இன்றைக்கு அந்த வேலையைக் கோயில் மைக் செய்துகொண்டிருக்கிறது. அமலிநகரிலும் ஆலந்தலையிலும் காலைப் பூசைக்கு அழைப்பதும், ஊரில் இறந்தவர் பெயரைச் சொல்வதும், காற்று கடுமையாக இருக்கிறது, கடலுக்குப் போகவேண்டாம் என்று அறிவிப்பதும் அந்தக் குழாய் ஒலிபெருக்கிதான். கரைதாண்டி அது கேட்காது. சமூக வானொலிக்கு அரசு அனுமதிப்பது 100 வாட் கதிர்வீச்சு, 30 மீட்டர் உயரக் கம்பம். ஒரு பழைய குண்டு பல்பு எரியும் அளவு சக்தி. எட்டும் தூரம் 5 முதல் 10 கிலோமீட்டர். மணப்பாட்டில் திருச்சிலுவைக் கோயில் நிற்கும் மணற்குன்று கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த ஊரில் ஒரு கம்பம் எழுந்தால் குலசேகரன்பட்டினமும் உடன்குடியும் கேட்கும். கரையோரம் வலை வளைக்கும் வள்ளங்களும் கேட்கும்.