கழனி போச்சு, புழக்கடை இருக்கு

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. குழுக் கூட்டத்தில் தீர்மானம் வாசிச்சதுதான் நான் பேசின பெரிய பேச்சு. "உன் வீட்டுத் தோட்டத்தைப் பத்திச் சொல்லு, தப்புப் பண்ணதையும் சேர்த்துச் சொல்லு"ன்னு தலைவி அக்கா சொன்னாங்க. அதனால நிற்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. ஒரு காலத்தில் கழனி இருந்த வீடு எத்தனை? கை தூக்குங்க. சரி, பாதிக்கு மேல். இப்பவும் கழனி இருக்கிற வீடு எத்தனை? பாருங்க, ஒரு கை விரலுக்குள்ள அடங்கிடுச்சு.

என் ஊர் வல்லத்துக்குப் பக்கம். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் கார் செய்ய ஆரம்பிச்சப்போ நான் கல்யாணமாகி வந்த புதுசு. அப்புறம் ஒரகடம் பக்கமும் ஒண்ணு ஒண்ணா கம்பெனி வந்தது. எங்க கழனியும் போச்சு. வந்த பணத்தில் நாத்தனார் கல்யாணம் முடிஞ்சது. மீதியில் வீட்டை ஒட்டி நாலு போர்ஷன் லைன் வீடு கட்டினோம். கம்பெனியைக் குத்தம் சொல்ல நான் வரலை. என் பையன் வாங்குற சம்பளமும், எனக்கு வர்ற வாடகையும் அதனால வர்றதுதான்.

ஆனா ஒண்ணு கவனிச்சேன். கழனி இருந்தப்போ என் மாமியார் கீரையைக் காசு கொடுத்து வாங்கினதில்லை. வாழை இலை, முருங்கைக்காய், கறிவேப்பிலை, எரு எதுவும் வாங்கினதில்லை. இப்போ எல்லாம் கோயம்பேட்டில் இருந்து வண்டியில வருது. ஒரு கீரைக்கட்டு 20 ரூபாய்னு வச்சுக்குங்க. வாரத்துக்கு மூணு கட்டு. வருஷத்துக்கு 156 கட்டு, 3,120 ரூபாய். கீரைக்கு மட்டும்தான் இந்தக் கணக்கு. நாம வாராவாரம் எண்ணி எண்ணிப் போடுற சேமிப்பு, இந்தப் பக்கம் ஓட்டைக் குடத்துல ஒழுகுற மாதிரி ஒழுகிட்டு இருக்கு.

சண்டையில் ஆரம்பிச்ச தோட்டம்

நான் ஆசைப்பட்டுத் தோட்டம் போடலை. சண்டை வந்துதான் போட்டேன்.

நாலு போர்ஷன், எங்க வீடு, மொத்தம் அஞ்சு குடும்பம் குளிக்கிற தண்ணி, பாத்திரம் கழுவுற தண்ணி எல்லாம் தெருவுல ஓடி எதிர்வீட்டு அக்கா வாசலில் தேங்கி நிக்கும். அந்த அக்கா எங்க குழுவிலேயே உறுப்பினர். கொசு, நாத்தம், அவங்க பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல். ஒரு நாள் நடுத்தெருவுல வார்த்தை முத்திப் போச்சு. அவங்க மூணு வாரம் கூட்டத்துக்கு வரலை. "என் சேமிப்பைக் கணக்குப் பார்த்துக் கொடுங்க, நான் விலகிக்கிறேன்"னு சொல்லி அனுப்பிட்டாங்க. அவங்களோட இன்னும் ரெண்டு பேர் கிளம்பத் தயாரா இருந்தாங்க. வங்கிக் கடன் பாதி கட்டின நேரம். குழு உடைஞ்சா யார் பொறுப்பு? எனக்கு ராத்திரித் தூக்கம் இல்லை.

அந்தச் சமயம்தான் ஒரு பயிற்சிக்குப் போனேன். அங்க 'பெர்மாகல்ச்சர்'னு ஒரு வார்த்தை சொன்னாங்க. தமிழில் நிலைத்த வேளாண்மைன்னு சொல்லலாம். ஆஸ்திரேலியாவில் பில் மாலிசன், டேவிட் ஹோம்கிரென் என்று ரெண்டு பேர் 1978-ல் இதைப் பத்திப் புத்தகம் போட்டாங்க. காடு யாரும் உரம் போடாம, தண்ணி இறைக்காம எப்படித் தானா நிக்குதோ, அந்த மாதிரி நம்ம வீட்டையும் தோட்டத்தையும் அமைச்சுக்கணும் என்பதுதான் விஷயம். மூணு நெறி சொல்றாங்க: மண்ணைப் பாத்துக்கோ, மனுஷரைப் பாத்துக்கோ, மிஞ்சினதைப் பங்கு போடு. கேட்டதும் எனக்கு எங்க ஆயா ஞாபகம்தான் வந்துச்சு. எரு குழியில் சாணியும் சருகும் போட்டதும், கழுநீரை மாட்டுக்கு வச்சதும், புழக்கடைத் தண்ணியில வாழை வச்சதும் அவங்கதானே! நம்மாழ்வார் ஐயா ஊர் ஊரா நடந்து சொன்னதும், கரூர் மாவட்டம் கடவூர் பக்கம் வானகம் பண்ணையில் காட்டினதும் இதுக்கு உறவான விஷயம்தான்.

பயிற்சியில் சொன்ன முதல் பாடம், "மண்வெட்டியை எடுக்காதே, முதல்ல பாரு." ஒரு வாரம் பார்த்தேன். வெயில் எங்க விழுது, எந்தக் குழாயில் எவ்வளவு தண்ணி வருது, காத்து எந்தப் பக்கம்னு பழைய தீர்மான நோட்டுப் பின்பக்கத்துல எழுதினேன். வீடு போக எனக்கு மிச்சம் ஒரு சென்ட். அதுல பாதி சிமென்ட் போட்டது. அந்தக் கணக்கு எழுதினப்புறம்தான் தெரிஞ்சது, சண்டைக்குக் காரணமான தண்ணிதான் என்கிட்ட இருக்கிற பெரிய சொத்துன்னு.

வாழைக் குழி

மூணு அடி அகலம், ரெண்டரை அடி ஆழம் குழி. அடியில் செங்கல் ஜல்லி. மேலே சருகு, தென்னை மட்டை, காய்ஞ்ச குப்பை குவிச்சு வைக்கணும். சுத்தி மூணு வாழை, நடுநடுவே கல்வாழை. குளியல், பாத்திரத் தண்ணி குழாய் வழியா குழிக்குள்ள போகும். குழாய் வாயில் தேங்காய் நார் வச்ச பழைய சட்டி ஒண்ணு, சோத்துப் பருக்கையைப் பிடிக்க. ரெண்டு குழி வெட்டினேன்.

முதல் மாசம் தோத்துப் போனேன். சருகு போதாம தண்ணி மேலேயே நின்னு நாத்தம் அடிச்சது. எதிர்வீட்டு அக்கா மாடியில இருந்து பார்த்துட்டு ஒண்ணும் பேசலை. அவங்க திட்டியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். அப்புறம் தெரிஞ்சது, குழியில் தண்ணி கண்ணுக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா சருகு போடணும், இல்லைன்னா இன்னொரு குழி வெட்டணும். மூணாவது குழியும் வெட்டினேன். அதோட தெருவுக்கு ஓடுற தண்ணி நின்னுச்சு.

இதுல கவனிக்க வேண்டியதைச் சொல்லிடறேன். கழிவறைத் தண்ணி செப்டிக் டேங்குக்கு மட்டும்தான் போகணும். பிளீச்சிங் பவுடர், பினாயில் கலந்த தண்ணியைக் குழியில் விடக் கூடாது. கிணறு, போர் பக்கத்துல குழி வெட்டக் கூடாது. இந்தத் தண்ணியைக் கீரைக்கும் முள்ளங்கிக்கும் விடாதீங்க. வாழை, பப்பாளி மாதிரி காய் உயரத்துல தொங்குற மரத்துக்குத்தான் இது.

மழை கொடுக்கிற தண்ணி

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் நிரம்பித் திறந்துவிட்டதை யாரும் மறக்கலை. நாலே வருஷம் கழிச்சு, 2019 கோடையில் அதே ஏரி வறண்டு பாளம் பாளமா வெடிச்சு நின்னதையும் பார்த்தோம். மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். பல வீட்டில் குழாய் இருக்கும், குழி இருக்காது.

கணக்குச் சுலபம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லி மீட்டர் மழை பெய்தா ஒரு லிட்டர். 400 சதுர அடி மாடின்னா சுமார் 37 சதுர மீட்டர். டி.வி.யில் "5 சென்டி மீட்டர் மழை"ன்னு சொல்ற அன்னைக்கு உங்க மாடியில் விழுறது 1,800 லிட்டருக்கு மேல். 90 கேன் தண்ணி! முதல் மழையை வெளியே விட்டு மாடியைக் கழுவிட்டு, அடுத்ததைத் தொட்டியில் பிடிங்க. நிரம்பி வழியுறது மண்ணுக்குள்ள போகட்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தண்ணியைக் குடிக்க வேண்டாம். தொட்டியை வெள்ளைத் துணி கட்டி மூடி, வாரம் ஒரு தடவை உள்பக்கத்தைத் தேச்சுக் கழுவுங்க. டெங்கு கொசு நல்ல தண்ணியில்தான் முட்டை போடும்.

டிரம், பலகை எச்சரிக்கை

நம்ம ஊருக்கே உரிய ஆபத்து ஒண்ணு இருக்கு. பழைய இரும்புக் கடையில் நீல டிரம் மலிவாக் கிடைச்சதுன்னு நானும் ஒண்ணு வாங்கி, பாதியா வெட்டி மண் போட்டுக் கீரை விதைச்சேன். முளைச்சது அப்படியே கருகிப் போச்சு. மோந்து பார்த்தா ஏதோ கெமிக்கல் வாடை. உள்ள என்ன இருந்ததுன்னு தெரியாத டிரம்மில் தண்ணியும் பிடிக்காதீங்க, செடியும் வைக்காதீங்க. கம்பெனியில் இருந்து வர்ற மரப் பலகைத் தட்டுகளும் அப்படித்தான். அதுல முத்திரை பார்த்து வாங்குங்க. ஆங்கில எழுத்தில் 'ஹெச்.டி.'ன்னு இருந்தா சூட்டில் பதம் பண்ணின பலகை, பாத்தி கட்டலாம். 'எம்.பி.'ன்னு இருந்தா விஷப் புகை போட்டது, வேண்டாம். படிக்கத் தெரியலைன்னா பிள்ளைங்ககிட்ட காட்டுங்க.

மாடியில் வைக்கிறவங்க வெறும் மண்ணை நிரப்பாதீங்க. நனைஞ்ச மண் பாரம் அதிகம். மண், தென்னைநார்க் கழிவு, மட்கின உரம் மூணும் கலந்து, பைகளைச் சுவர் ஓரமா வையுங்க. தோட்டக்கலைத் துறை மாடித்தோட்டப் பொருட்களை மானியத்தில் கொடுத்திருக்கு. வட்டார அலுவலகத்துல கேளுங்க.

கிட்ட வை, மூடி வை, கலந்து வை

தினமும் கை படுறதைச் சமையல்கட்டுக்குப் பக்கத்துல வையுங்க. கொத்தமல்லி, புதினா, பச்சை மிளகாய், பொன்னாங்கண்ணி எல்லாம் எட்டிப் பறிக்கிற தூரத்துல இருக்கணும். வாரம் ஒரு தடவை பார்க்கிற கத்தரி, வெண்டை அடுத்தது. முருங்கை, பப்பாளி வேலி ஓரம். நைட் ஷிப்ட் முடிச்சு வர்ற பொம்பளை எட்டு எட்டா நடந்து போய்ச் செடி பார்க்க மாட்டாள். வழியில இருந்தா ஒரு சொம்புத் தண்ணி ஊத்திட்டுப் போவாள். இதைத்தான் அவங்க மண்டலம் பிரிக்கிறதுன்னு சொல்றாங்க.

சருகைக் கொளுத்தாதீங்க, செடி அடியில் மூடாக்குப் போடுங்க. வெயிலில் ஈரம் காக்கும், மட்கி உரமாகும். ஒரே செடியா வைக்காம கலந்து வையுங்க. ஒண்ணுல பூச்சி விழுந்தாலும் இன்னொண்ணு நிக்கும். நாமளும் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்துதானே நிக்கிறோம்?

குழுவா செய்வோம்

ஒரு வீடு செய்தா தோட்டம். குழு செய்தா அதுவே வாழ்வாதாரம். கேரளாவில் 1998-ல் தொடங்கின குடும்பஸ்ரீயில் பெண்கள் குழுவாச் சேர்ந்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைக்கிறாங்க. தெலங்கானாவில் ஜகீராபாத் பக்கம் தக்காண வளர்ச்சிச் சங்கத்துப் பெண்கள் சிறுதானிய விதையைத் தாங்களே சேமிச்சு ஒருத்தருக்கொருத்தர் கொடுத்து வாங்குறாங்க. 2019-ல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசு அவங்களுக்குக் கிடைச்சது. அவங்களும் நம்மளை மாதிரி சங்கம் வச்ச பெண்கள்தான்.

அதனால கூட்டமைப்புக்கு மூணு வேண்டுகோள் வைக்கிறேன். ஒண்ணு, தெருவுல தண்ணி விடுற வீட்டோட சண்டை போடுறதுக்கு முன்னால, குழு சேர்ந்து போய் ஒரு வாழைக் குழி வெட்டிக் கொடுக்கணும். ரெண்டு, நம்ம லைன் வீட்டில் குடியிருக்கிற பொண்ணுங்களையும் சேர்த்துக்கணும். தூரத்து ஊரில் இருந்து வந்தவங்கன்னு தள்ளி வைக்காதீங்க. என் போர்ஷன்ல இருக்கிற ஒடிசாப் பொண்ணுதான் பீர்க்கங்கொடியைக் கயித்துல ஏத்திவிடுற விதத்தை எனக்குக் காட்டிக் கொடுத்தாள். மூணு, விதையிலும் உள்கடன் வேணும். ஒரு ஸ்பூன் கீரை விதை வாங்கினவங்க, அடுத்த விளைச்சலில் ரெண்டு ஸ்பூன் திருப்பிக் கொடுக்கணும். நோட்டுல வரவு வைப்போம். வட்டி நூத்துக்கு நூறு, ஆனா யாருக்கும் வலிக்காத வட்டி.

எதிர்வீட்டு அக்கா கதையை முடிக்காம விட்டா நீங்க என்னைக் கீழே இறங்க விட மாட்டீங்க. முதல் தார் வெட்டினப்போ ரெண்டு சீப்பு எடுத்துட்டு அவங்க வீட்டுக்குப் போனேன். வாங்கிக்கிட்டாங்க. அடுத்த வாரம் கூட்டத்துக்கு வந்து, விட்டுப் போன மூணு வாரச் சேமிப்பையும் சேர்த்துக் கட்டினாங்க. வங்கிக் கடனையும் நாங்க தவறாம அடைச்சோம். இப்பவும் "உன் வாழைச் சருகு என் வாசலில் விழுது"ன்னு குறை சொல்லிக்கிட்டேதான் இருக்காங்க. அதோ, மூணாவது வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறாங்க பாருங்க. போன மாசம் அந்தச் சருகைக் கூட்டி எடுத்துட்டுப் போய், அவங்க வெட்டின குழிக்குத்தான் போட்டாங்க!

கழனி திரும்ப வராது. ஆனா கழனி நமக்குச் செய்த வேலையில் கொஞ்சத்தை ஒரு சென்ட் புழக்கடையும், ஒரு மாடியும், பத்துப் பெண்களும் சேர்ந்தா திரும்பக் கொண்டு வரலாம். மழைக்கு முன்னாடி குழி வெட்டிடுங்க.