திடுக்கிடும் பிள்ளையும் திடுக்கிடும் அப்பாவும்



ஒஸ்லோவில் உள்ள எங்கள் வீட்டுக்கு 3 கிலோ 400 கிராம் நிறையில் ஒரு முதலாளி வந்து ஆறு கிழமையாகிறது. பிறந்த பிள்ளை ஒரு நாளைக்கு 16 மணித்தியாலம் நித்திரை கொள்ளும் என்று படித்துவிட்டு நானும் சந்தோசப்பட்டிருந்தேன். அந்த 16 மணித்தியாலமும் துண்டு துண்டாகத்தான் வரும் என்று ஒருவரும் சொல்லவில்லை! நாளுக்கு 8 முதல் 12 தடவை பால். பம்பஸ் மாற்றிய கணக்கை நான் விட்டுவிட்டேன்.

எல்லாவற்றையும் விட என்னை அதிசயிக்க வைத்தது பிள்ளையின் திடுக்கிடுதல்தான். நான் தும்மினால் போதும். இரண்டு கையையும் விரித்து, விரல்களை அகட்டி, வானத்திலிருந்து விழுகிறவர் மாதிரி ஒரு பாவனை. பிறகு கைகளை மெல்ல நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு ஒரு அழுகை.

ஊருக்குத் தொலைபேசி எடுத்தேன். "பிள்ளை பயந்து போச்சு தம்பி. திருநீறு பூசு, தொட்டிலுக்குக் கீழ ஒரு இரும்புத் துண்டு வை" என்றார் அம்மா. வீட்டுக்கு வந்த தாதி சிரித்தார். மோரோ என்ற குழந்தை மருத்துவர் 1918 இல் இதை விவரித்து எழுதினாராம். எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாகப் போய்விடுமாம். திருநீற்றையும் பூசினேன், இரண்டு பக்கமும் சமாதானம்.

பிறகு புதுவருட இரவு வந்தது. பன்னிரண்டு மணிக்கு வெளியே வாணவெடி. பிள்ளை ஒருக்கால் கையை விரித்துவிட்டு நித்திரையைத் தொடர்ந்தது. நானோ தொட்டிலைக் கட்டிப்பிடித்தபடி நிலத்தில் குந்தியிருந்தேன். எப்போது குந்தினேன் என்று எனக்கே தெரியாது. ஷெல் சத்தம் கேட்டுப் பதுங்குகுழிக்கு ஓடிய கால்கள் அல்லவா!

"எழும்புங்கோ அப்பா, அது வெடிதான்" என்று மனைவி கையைப் பிடித்தார்.

பிள்ளைக்கு ஆறு மாதத்தில் போய்விடும். எனக்கு இருபது வருடமாகியும் போகவில்லை. உங்களில் பலருக்கும் அப்படித்தான் இருக்கும்.

இந்த வயதில் பிள்ளைக்கு 20, 30 சென்ரிமீற்றர் தூரம் வரைதான் தெளிவாகத் தெரியுமாம். மடியில் வைத்திருந்தால் என் முகம் மட்டும்தான் அவருடைய உலகம். அதனால் இப்போது வெடிச் சத்தம் கேட்டால், முதலில் சிரித்துப் பழகுகிறேன். பாதிச் சிரிப்புத்தான் வருகிறது. முதலாளி அதையும் ஏற்றுக்கொள்கிறார்.

இதோ, கூப்பிடுகிறார். பால் நேரம்.