அறம் கற்பிக்கும் ஒலியும் ஒளியும்



தொழில்நெறியை விதிகளாகச் சொல்லிக் கொடுப்பது எளிது. பரீட்சையில் அவற்றை எழுதுவதும் எளிது. ஆயின், மேலதிகாரி வற்புறுத்தும் வேளையில் அவ்விதிகள் துணைநிற்குமா? நிற்க வேண்டுமாயின், அத்தகைய வேளையொன்றைப் பல்கலைக்கழக மாணவன் வகுப்பறையிலேயே ஒருமுறை கடந்திருத்தல் வேண்டும். அதற்குப் பெரும்பொருள் தேவையில்லை.

1986 ஆம் ஆண்டு சனவரி 27 ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் சலஞ்சர் விண்ணோடத்துக்கு உந்துகலங்களைச் செய்தளித்த நிறுவனத்தின் பொறியியலாளர்கள், தொலைபேசிவழிக் கூட்டமொன்றில் எச்சரிக்கை விடுத்தனர். கடுங்குளிரில் இறப்பர் வளையங்கள் இணைப்புகளை அடைக்கத் தவறலாம். ஆதலால் ஏறத்தாழ 12 பாகை செல்சியசுக்குக் குறைந்த வெப்பநிலையில் ஏவுதல் தகாது என்றனர். நாசா அதிகாரிகள் அதனை ஏற்கத் தயங்கினர். நிறுவன முகாமையாளர்களோ தனியே கலந்துபேசி, ஏவலாமென எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பினர். மறுநாள் முற்பகல், ஏவிய 73 செக்கனில் விண்ணோடம் சிதறியது, எழுவர் மாண்டனர்.

ஏவற்காட்சியும் விசாரணைக்குழுவின் அறிக்கையும் இன்று விலையின்றிக் கிடைக்கின்றன. அறிக்கையிலுள்ள சாட்சியங்களை மாணவர்களே உரையாடலாக்கிக் கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்யலாம். வெப்பநிலை விவரங்களை வரைபடமாக்கிச் சுவரிற் காட்டலாம். விண்ணோடத்தின் பெயரை மறைத்து, முகாமையாளர் முடிவு கூறுமுன் ஒலிப்பதிவை நிறுத்தி, “நீர் கையொப்பம் இடுவீரா?” என ஒவ்வொருவரிடமும் எழுத்தில் விடை பெறுதல் வேண்டும். அதன் பின்னரே ஏவற்காட்சி.

காட்சியை முதலிற் காட்டினால், மாணவன் பிறர் பிழையைப் பழிப்பதோடு அமைவான். முடிவறியுமுன் வினவினால், தன் அச்சத்தையும் தயக்கத்தையும் தானே காண்பான். அறக்கல்வி தொடங்குமிடம் அதுவே.