பச்சிலையும் காயக் கணக்கும்

(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் பச்சிலை. வாசலில் துளசி, வேலியில் வெற்றிலைக் கொடி, கொல்லையில் கொய்யா, இவற்றில் ஒன்றுகூட இல்லாத வீடு நம் தோட்டப்புறத்தில் ஏது? வயிற்றுப்போக்குக்குக் கொய்யாக் கொழுந்து, காய்ச்சலுக்கு நிலவேம்பு என்பது நம் பாட்டிமார் கண்ட வழி. அதை மூடத்தனம் என்று தள்ள நாம் வரவில்லை. பச்சிலை இருந்தால் டாக்டர் எதற்கு என்று கொண்டாடவும் வரவில்லை. உள்ளதை உள்ளபடி அறிய வேண்டும் என்பதே நம் நோக்கம்.

ஆராய்ச்சிக்கூடத்தில் இலையை எப்படிச் சோதிக்கிறார்கள்? உலர்ந்த இலையைப் பொடித்துத் தண்ணீரிலோ சாராயத்திலோ ஊறவைத்து, வடிகட்டிச் சத்தை எடுக்கிறார்கள். வட்டத் தட்டில் அகார் அகார் ஊற்றி உறையவைக்கிறார்கள். ஆம், திருநாளுக்கு நாம் காய்ச்சும் அதே கடற்பாசிதான்! அதன்மேல் கிருமியைப் பரப்பி, இலைச் சத்தில் தோய்த்த சிறு காகித வில்லையை வைக்கிறார்கள். மறுநாள் தட்டெங்கும் கிருமி படர்ந்திருக்கும். வில்லையைச் சுற்றி மட்டும் வெற்று வட்டம் தெரிந்தால், இலைக்குக் கிருமியை அடக்கும் சக்தி உண்டு என்று பொருள். புண்ணில் சீழ் வைக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியை வைத்து நடத்திய சோதனைகளில் கொய்யா இலையும் வெற்றிலையும் துளசியும் இந்த வட்டத்தைக் காட்டியிருக்கின்றன. ஆகவே பாட்டி சொன்னதில் பொருள் இருக்கிறது.

இன்னொரு குணம், ஆக்ஸிஜனின் அரிப்பைத் தடுப்பது. பழைய ரப்பர் வளையம் பிசுபிசுத்துப் பிறகு வெடித்துப்போவதை நாம் பார்த்திருக்கிறோம். காற்றிலுள்ள ஆக்ஸிஜன் அதை அரிக்கிறது. அதனால்தான் டயர் செய்வோர் ரப்பரில் தடுப்பு மருந்து கலக்கிறார்கள். இலைச் சத்துக்கும் அத்தகைய குணம் உண்டு. டி.பி.பி.எச். என்னும் ஊதாக் கரைசலில் அதை விட்டால், ஊதா மங்கி மஞ்சளாகிறது. ஆனால் குப்பியில் நிறம் மாறியது, உடம்பில் நோய் மாறியதற்குச் சாட்சி ஆகாது.

தோழர்களே! தட்டு வேறு, நம் கால் வேறு. மங்கில் பால் புளித்துக் கட்டியாவது கிருமியின் வேலை. அதைத் தடுக்க அம்மோனியா விடுகிறோம். அளவு குறைந்தால் என்ன ஆகும்? பால் கட்டிவிடும். மருந்தும் அப்படித்தான். அளவு தெரிந்தால்தான் மருந்து. சீனாவில் து யூயூ என்ற அம்மையார், மலேரியாவுக்குப் பழைய ஏட்டில் சொல்லியிருந்த ஒரு மூலிகையை எடுத்து, 1971-இல் சூடேற்றாமல் ஈதரில் சத்தைப் பிரித்தார். அதைச் சுத்தப்படுத்தி, அளவு கண்டு, மனிதரிடம் சோதித்த பிறகே அது ஆர்ட்டெமிசினின் என்ற மருந்தாயிற்று. 2015-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மூலிகை வென்றது உண்மை. அளந்து சோதித்ததால் வென்றது என்பதும் உண்மை.

நாம் கசக்கிக் கட்டும் இலைக்கு என்ன அளவு? அதில் ஒட்டிய மண்ணில் இசிவுக் கிருமியின் வித்து இருக்கலாம். காற்றுப் புகாத ஆழமான காயம் அதற்கு நல்ல விளைநிலம்.

நம்மோடு மரம் வெட்டிய தோழர் ஒருவர் உளி தவறிக் காலில் வெட்டுப்பட்டார். மருந்தகம் போனால் அரை நாள் சம்பளம் போகும் என்று இலையைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போனார். ஐந்தாம் நாள் கால் வீங்கிற்று. ஆஸ்பத்திரியில் ஒரு விரலை எடுத்தார்கள். இழப்பீடு கேட்டபோது, "வேலையில் பட்ட காயம் என்பதற்கு எழுத்து எங்கே?" என்றார்கள். எழுத்து இல்லை. இலை காயத்தை மூடியது, கணக்கையும் மூடிவிட்டது. விரலை இழந்த மனிதர் படியேறிப் படியிறங்கி அலைந்ததை நாம் கண்ணால் கண்டோம்.

ஆகவே நாம் சொல்வது இது. காயம் பட்டதும் ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சுத்தமான துணியைக் கட்டி, அன்றே மருந்தகம் சென்று, இசிவு ஊசி வேண்டுமா என்று கேளுங்கள். கங்காணியிடம் சொல்லி, எழுதவையுங்கள். விபத்துச் செய்தி கிடைத்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். கிராணி நண்பர்களே, உங்கள் பேனாவின் ஒரு வரி ஒரு குடும்பத்தின் சோறு! அதை நாளைக்கு என்று தள்ளாதீர்கள். நீரிழிவுக்கு மாத்திரை சாப்பிடுவோர் இலைக் கஷாயமும் குடித்தால், அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

துளசி வாசலில் தழைக்கட்டும், கறிவேப்பிலை ரசத்தில் மணக்கட்டும். ஆனால் "இலை இருக்கிறதே, லீவு எதற்கு?" என்று எவரும் நம்மைத் திருப்பியனுப்ப இடம் கொடாதிருப்போம். பச்சிலை நம் பாட்டியின் சொத்து. சிகிச்சை நம் உரிமை. இரண்டையும் காப்போம்.